பாராமகாலில் 74ஆம் ஹைலாண்டர் படையணி

74ஆம் ஹைலாண்டர் படையணி 1787இல் ஸ்காட்லாந்தில் திரட்டப்பட்டு, 1789 முதல் 1805 வரை தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் போரிட்ட பிரித்தானியக் காலாட்படைப் பிரிவாகும். மூன்றாம் மைசூர்ப் போர், நான்காம் மைசூர்ப் போர், இரண்டாம் மராட்டியப் போர் ஆகிய மூன்றிலும் இது பங்கேற்றது. இதன் தொடக்க காலப் போர்க்களங்களில் ஒன்று இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை உள்ளடக்கிய பாராமகால். இப்படையணியில் இறந்த அதிகாரிகளின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளன. சாதாரண வீரர்கள் எண்ணிக்கையாக மட்டுமே பதிவாயினர். அவர்களோடு சேர்ந்து இறந்த சென்னைப் படைச் சிப்பாய்களின் நிலையும் இதுவே.

பாராமகால்

பாராமகால் என்பது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் திருப்பத்தூர்ப் பகுதியும் அடங்கிய நிலப்பரப்பின் பழைய பெயர். பன்னிரண்டு கோட்டைகளைக் கொண்டதால் இப்பெயர் வந்தது என்பது வழக்கு. மைசூர்ப் பீடபூமிக்கும் கர்நாடகச் சமவெளிக்கும் நடுவே படிக்கட்டுபோல இது அமைந்துள்ளது. மைசூரிலிருந்து ஆற்காட்டுக்கோ சேலத்துக்கோ இறங்கும் படையும், சென்னையிலிருந்து மைசூருக்கு ஏறும் படையும் பெரும்பாலும் இதைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது.

சேலத்திலிருந்து மலைகளைக் கடந்து பாராமகாலுக்குள் நுழைய இரு முக்கிய வழிகள் இருந்தன. ஒன்று மேற்கிலுள்ள தொப்பூர்க் கணவாய். மற்றொன்று சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே செல்லும் மஞ்சவாடிக் கணவாய். இந்த இரண்டாவது வழியில் மலையைத் தாண்டினால் வரும் ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. அதற்கு அருகிலுள்ள தென்கரைக்கோட்டை முதலாம் மைசூர்ப் போரின்போது 1768இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து, அதே ஆண்டின் இறுதியில் மீண்டும் ஐதர் அலியின் கைக்குப் போனது. ஒரே ஆண்டில் இருமுறை கைமாறிய இந்தக் கோட்டையின் கதைதான் பாராமகாலின் பல ஊர்களின் கதையும்.

படையணியின் தோற்றம்

1745-46இல் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலக் குடிகள் நடத்திய கிளர்ச்சி கலோடன் போரில் முறியடிக்கப்பட்டது. அதன்பின் அவர்களுடைய மரபு உடை சட்டத்தால் தடை செய்யப்பட்டது. பிரித்தானியப் படையில் சேர்ந்தவர்கள் மட்டுமே அதை அணியலாம். இத்தடை 1782இல் நீங்கினாலும், நிலக்குத்தகை உயர்வும் வறுமையும் இளைஞர்களைத் தொடர்ந்து படைக்குத் தள்ளின. அவர்களைத் திரட்டுவதில் குலத்தலைவர்களுக்கும் நிலக்கிழார்களுக்கும் பெரும் பங்கு இருந்தது.

1787இல் பிரான்சுடன் போர் மூளக்கூடும் என்ற அச்சத்தில், இந்தியாவுக்கு அனுப்ப நான்கு புதிய படைப்பிரிவுகளை அமைக்க இலண்டன் அரசு முடிவு செய்தது. அவற்றுள் 74, 75 ஆகிய இரண்டும் ஹைலாண்டர் பிரிவுகள். 74ஆம் பிரிவு அப்போது சென்னை ஆளுநராக இருந்த சர் ஆர்ச்சிபால்ட் காம்பெல்லின் பெயரில் அமைக்கப்பட்டது. வீரர்கள் கிளாஸ்கோ நகரில் கூடினர். இப்படைகளின் செலவை யார் ஏற்பது என்பதில் அரசுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் தகராறு எழுந்தது. 1788இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அச்செலவைக் கம்பெனியின் இந்திய வருவாயிலிருந்தே எடுக்க வழி செய்தது. ஸ்காட்லாந்து வீரரின் கூலி இந்திய உழவர் செலுத்திய வரியிலிருந்து கொடுக்கப்பட்டது.

1789இல் முழுப் படையணியும் சென்னை வந்து சேர்ந்தது. கட்டளை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஹாமில்டன் மாக்ஸ்வெல். மேட்டுநில உடை இந்நாட்டு வெயிலுக்கு ஒத்துவராததால் அதை ஒதுக்கிவைக்க நேர்ந்தது.

ஹைலாண்டர்கள் தமிழகத்துக்குப் புதியவர்கள் அல்லர். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதரும் திப்புவும் அழித்தபோது, 73ஆம் ஹைலாண்டர் பிரிவின் இரு கம்பெனிகளும் அதில் சிக்கின. உயிர் தப்பியவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் 1784 வரை அடைபட்டுக் கிடந்தனர். டேவிட் பெயர்டு என்ற இளம் அதிகாரியும் அவர்களுள் ஒருவர். பின்னாளில் 74ஆம் படையணியின் வரலாற்றிலும் இவர் இடம்பெறுகிறார்.

1790: பாராமகாலுக்குள் நுழைதல்

1789 டிசம்பரில் திப்பு சுல்தான் திருவிதாங்கூர் எல்லையைத் தாக்கியதைத் தொடர்ந்து மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கியது. 1790இல் ஆங்கிலேயரின் முதன்மைப் படை ஜெனரல் மெடோஸ் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து கோயம்புத்தூர் நோக்கிச் சென்றது. வடக்கே காஞ்சிபுரத்தில் கர்னல் கெல்லியின் கீழ் இன்னொரு படை கூடியது. 74ஆம் படையணி இதில் இருந்தது. செப்டம்பரில் கெல்லி இறந்ததும் தலைமை மாக்ஸ்வெல்லிடம் வந்தது. அக்டோபர் இறுதியில் அவர் பாராமகாலுக்குள் நுழைந்தார்.

செய்தி அறிந்த திப்பு, மெடோஸ் படையின் கண்ணில் படாமல் விரைந்து வடக்கே வந்தார். மாக்ஸ்வெல்லைத் தனியே மடக்கி அழிப்பது அவர் நோக்கம். மாக்ஸ்வெல் காவேரிப்பட்டணம் அருகே வலுவான இடத்தில் நின்று, போருக்கு இழுக்கும் முயற்சிகளுக்கு இடம் கொடுக்கவில்லை. நவம்பர் 17 அன்று மெடோஸ் தொப்பூர்க் கணவாயைக் கடந்து வந்து அவருடன் சேர்ந்தார். மறுநாளே திப்பு அதே தொப்பூர்க் கணவாய் வழியாகத் தெற்கே நழுவித் திருச்சி நோக்கிச் சென்றுவிட்டார். பின்தொடர்ந்த ஆங்கிலப் படையால் அவரைத் தடுக்க முடியவில்லை.

இரு தரப்புக்கும் வேண்டிய தானியம், வண்டிமாடு, தீவனம் ஆகியவை ஊர்களிலிருந்தே வந்தன. பெரும் போர் எதுவும் நடக்காத இடங்களிலும் படை கடந்து சென்றதே உழவருக்கு இழப்பாக முடிந்தது.

1791: பென்னாகரமும் கிருஷ்ணகிரியும்

1791இல் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் நேரில் படைநடத்தினார். மார்ச் 21 அன்று பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது. மே 15 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே அரிக்கரையில் திப்புவின் படை பின்னடைந்தது. ஆனால் உணவும் இழுவை மாடுகளும் தீர்ந்து போனதால் காரன்வாலிஸ் பெரிய பீரங்கிகளை அழித்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 74ஆம் படையணி இப்படையெடுப்பிலும் பங்கேற்றது.

அடுத்த முயற்சிக்கு முன் வழங்கல் வழிகளைக் காப்பது தேவையாயிற்று. அந்நேரத்தில் திப்புவின் படைத்தலைவர் பாக்கிர் சாகிப் பாராமகாலில் புகுந்து, தெற்கிலிருந்து வரும் வழங்கலைத் துண்டிக்க முயன்றார். அவரை விரட்ட அனுப்பப்பட்டவர் பாராமகாலை அறிந்த மாக்ஸ்வெல். 1791 அக்டோபர் 31 அன்று அவர் பென்னாகரம் கோட்டையை ஏணி வைத்து ஏறிக் கைப்பற்றினார். கோட்டைக் காவலரில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டனர் அல்லது காயமுற்றனர்.

ஒரு வாரம் கழித்து, நவம்பர் 7 இரவில், மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரியைத் தாக்கினார். பேட்டையும் கீழ்க்கோட்டையும் விரைவில் விழுந்தன. காவலர்கள் செங்குத்தான பாறைமேல் உள்ள மேல்கோட்டைக்கு ஓடினர். அவர்களைத் துரத்திய வீரர்கள் வாயிற்படி வரை நெருங்கியும், கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைய முடியவில்லை. ஏணிகள் மேலே வந்து சேர்ந்தபோது காவலர்கள் நிலைகொண்டுவிட்டனர். மேலிருந்து பெரும் பாறைகளை உருட்டிவிட்டனர். ஏணிகள் நொறுங்கின. ஏறியவர்கள் பாறைகளோடு சேர்ந்து உருண்டனர். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின் தாக்குதல் கைவிடப்பட்டது. இப்போரில் ஆங்கிலேயருக்கு ஏற்பட்ட குறிப்பிடத்தக்க தோல்விகளுள் இதுவும் ஒன்று.

கோட்டை கைமாறிய விதம்

1792 பிப்ரவரி 6 இரவில் காரன்வாலிஸ் மூன்று பத்திகளாகப் பிரிந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வெளி அரண்களைத் தாக்கினார். 74ஆம் படையணி நடுப்பத்தியில் இருந்தது. மாக்ஸ்வெல் இடப்பத்திக்குத் தலைமை தாங்கினார். அம்மாத இறுதியில் திப்பு இசைவு தெரிவித்தார். மார்ச் 18 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் ஈட்டுத்தொகையும் இரு மகன்களைப் பிணையாகவும் கொடுத்தார். பாராமகால், திண்டுக்கல், மலபார் ஆகியவை கம்பெனிக்கு வந்தன.

கிருஷ்ணகிரிக் கோட்டையும் இவ்வாறே கம்பெனியின் கைக்கு வந்தது. அதன் படிகளில் அத்தனை பேர் மடிந்தும் கிடைக்காத கோட்டை, நான்கு மாதம் கழித்து ஒரு கையெழுத்தில் கிடைத்தது. நவம்பர் 7 இரவில் இரு தரப்பிலும் இறந்தவர்களால் போரின் முடிவில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை.

பாராமகாலை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நியமிக்கப்பட்டார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. 74ஆம் படையணி கூடிய கிளாஸ்கோ நகரமே மன்றோவின் பிறந்த ஊர். இரயத்துவாரி முறைக்கு அடிப்படையான நில அளவையும் வரி நிர்ணயமும் இங்குதான் செய்து பார்க்கப்பட்டன. மாக்ஸ்வெல் 1794இல் கடலூரில் இறந்தார்.

1799: ஸ்ரீரங்கப்பட்டணம்

நான்காம் மைசூர்ப் போரில் ஜெனரல் ஹாரிசின் படை 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்டு, இராயக்கோட்டை வழியாக மார்ச் 5 அன்று மைசூர் எல்லையைக் கடந்தது. 74ஆம் படையணிக்கு இது பழகிய பாதை. பாராமகாலிலிருந்து ரீட் தானியமும் மாடுகளும் திரட்டிக் காவேரிபுரம் கணவாய் வழியே முற்றுகைப் படைக்குக் கொண்டு சேர்த்தார்.

மே 4 நண்பகலில் இறுதித் தாக்குதல் நடந்தது. தலைமை ஏற்றவர், அதே நகரில் கைதியாக இருந்த டேவிட் பெயர்டு. 74ஆம் படையணி வலப்பத்தியில் சென்றது. அப்பத்தியின் முன்னே, உயிர் திரும்பும் நம்பிக்கை அதிகம் இல்லாத முன்னோடிக் குழுவை நடத்தியவர் இப்படையணியின் லெப்டினன்ட் ஹில். அவர் இறந்தார். அன்றைய சண்டையில் திப்பு சுல்தானும் கோட்டைக்குள் வீழ்ந்தார்.

முற்றுகையிலும் தாக்குதலிலுமாக 74ஆம் படையணியில் ஐந்து அதிகாரிகளும் 45 வீரர்களும் கொல்லப்பட்டனர். நான்கு அதிகாரிகளும் 111 வீரர்களும் காயமுற்றனர். இர்வின், ஃபர்குவார், ஹில், ஷா, பிரெண்டர்காஸ்ட் என்ற ஐந்து அதிகாரிகளின் பெயர்களையும் படையணி வரலாறு தருகிறது. மற்ற 45 பேரும் ஓர் எண்ணாகவே நிற்கின்றனர்.

1803: அசாயே

படையணியின் மிகப் பெரிய இழப்பு தமிழகத்துக்கு வெளியே நேர்ந்தது. இன்றைய மகாராட்டிரத்தில் உள்ள அசாயே என்னும் சிற்றூரில் 1803 செப்டம்பர் 23 அன்று ஆர்தர் வெல்லெஸ்லி, சிந்தியா, போன்ஸ்லே ஆகியோரின் கூட்டுப் படையைத் தாக்கினார். எதிர்த் தரப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் இருந்தன. வெல்லெஸ்லியின் காலாட்படையில் 74, 78 ஆகிய இரு ஹைலாண்டர் பிரிவுகள் இருந்தன. மற்ற ஐந்து பட்டாலியன்களும் சென்னைப் படையின் சிப்பாய்ப் பட்டாலியன்கள். அவற்றில் தமிழ், தெலுங்கு பேசும் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் பெருமளவில் இருந்தனர்.

ஊரிலிருந்து விலகிச் செல்லுமாறு வெல்லெஸ்லி கட்டளையிட்டிருந்தார். ஆனால் வலப்புறத்தில் முன்னே சென்ற லெப்டினன்ட் கர்னல் ஓராக்கின் காவல் அணி திசை தவறி ஊரை நோக்கியே சென்றது. பின்னால் வந்த 74ஆம் படையணியும் அதைத் தொடர்ந்தது. ஊரில் நிறுத்தப்பட்டிருந்த பீரங்கிகள் அவர்களை அருகிலிருந்து சுட்டன. தொடர்ந்து மராட்டியக் குதிரைப்படை பாய்ந்தது. எஞ்சியவர்கள் இறந்தோரின் உடல்களை அரணாகக் கொண்டு சதுர வடிவில் நின்று போரிட்டனர். ஆங்கில, சென்னைக் குதிரைப்படைகள் வந்து அவர்களை மீட்டன.

களத்தில் இருந்த சுமார் 500 பேரில் ஏறத்தாழ 400 பேர் கொல்லப்பட்டனர் அல்லது காயமுற்றனர். அதிகாரிகளில் குவார்ட்டர்மாஸ்டர் ஒருவரைத் தவிர அனைவரும் வீழ்ந்தனர் அல்லது காயமடைந்தனர். வெல்லெஸ்லி படையின் மொத்த இழப்பு 1,584 என்று கணக்கிடப்பட்டது. ஓராக்கின் காவல் அணி ஒவ்வொரு பட்டாலியனிலிருந்தும் எடுக்கப்பட்ட வீரர்களால் அமைந்தது. அதனால் ஊருக்கு முன்னால் இருந்த அந்த வெளியில் ஹைலாண்டர்களோடு சென்னைச் சிப்பாய்களும் ஒன்றாகவே மடிந்தனர்.

நாடு திரும்பல்

1805 செப்டம்பரில் 74ஆம் படையணி கப்பலேறியது. ஆனால் பணிக்குத் தகுதியாக இருந்த வீரர்கள் வேறு பிரிவுகளில் சேர்க்கப்பட்டு இந்தியாவிலேயே தங்கினர். 16 ஆண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பிய படையணி ஒரு சிறு எச்சமே. ஸ்காட்லாந்தில் அது மீண்டும் ஆள் சேர்க்க வேண்டியிருந்தது.

1881இல் 74ஆம் படையணி, பொள்ளிலூரில் போரிட்ட பழைய 73ஆம் பிரிவின் வழிவந்த 71ஆம் படையணியுடன் இணைக்கப்பட்டு ஹைலாண்ட் இலகு காலாட்படை ஆயிற்று. 1959இல் அது ராயல் ஹைலாண்ட் ஃபியூசிலியர்ஸ் ஆகவும், 2006இல் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்தின் 2ஆம் பட்டாலியனாகவும் மாறியது.

இறந்தோரும் பெயர்களும்

அக்காலப் படைகளில் சாதாரண வீரரின் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அவர் இறந்தால், ஊதியத்தை நிறுத்துவதற்காக அப்பட்டியலில் குறிப்பு எழுதப்பட்டது. அவர் விழுந்த இடத்தில் பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லை. கல்லறைக் கல்லும் நினைவுத் தூணும் பெரும்பாலும் அதிகாரிகளுக்கே கிடைத்தன. போரில் இறந்தவர்களைவிடக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்ற நோய்களால் முகாம்களில் இறந்தவர்கள் அதிகம். அவர்களுக்குப் போர்க்களக் கணக்கிலும் இடமில்லை.

பதவி வேறுபாடு பாராமல் ஒவ்வொரு வீரரின் பெயரையும் பொறிக்கும் முறை முதல் உலகப் போர்க்காலத்தில்தான் வந்தது. அதற்கென 1917இல் பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம் அமைக்கப்பட்டது. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் உருவாக்கப்பட்ட போர்க்கல்லறைத் தோட்டம் அந்த முறையில் அமைந்தது. 1791இல் கிருஷ்ணகிரிப் படிகளில் விழுந்தவர்கள் அம்முறைக்கு 126 ஆண்டுகள் முந்தியவர்கள்.

ஆனால் அவர்கள் விழுந்த மண்ணில் இந்த வழக்கம் மிகப் பழமையானது. தருமபுரி, செங்கம் பகுதிகளின் நடுகற்கள், பல்லவர் காலம் தொட்டு, ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்த சாதாரண வீரர்களின் பெயர்களை வட்டெழுத்தில் பதிவு செய்துள்ளன. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எதற்காக இறந்தான் என்ற விவரங்களும் அவற்றில் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல், இறந்த வீரனோடு அவனுடைய நாயின் பெயரையும் கோவிவன் என்று குறிக்கிறது. தருமபுரியில் உள்ள தொல்லியல் அகழ்வைப்பகத்தில் இத்தகைய நடுகற்கள் பலவற்றைக் காணலாம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கால்நடை காத்து இறந்தவனின் பெயர் தெரிகிறது. இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் பேரரசுகளின் போரில் இறந்தவனின் பெயர் அவன் இறந்த ஊரில் இல்லை. பென்னாகரத்தையும் கிருஷ்ணகிரியையும் காத்து மடிந்த திப்புவின் வீரர்களுக்கும், படைகளுக்கு மாடோட்டிச் சென்று திரும்பாத ஊர்மக்களுக்கும் இது பொருந்தும்.

யானைச் சின்னம்

அசாயேயில் போரிட்ட பிரிவுகளுக்குச் சிறப்புக் கொடிகளும் யானை உருவம் பொறித்த சின்னமும் வழங்கப்பட்டன. 74ஆம் படையணி அந்த யானையைத் தன் அடையாளமாகக் கொண்டது. அதன் வழிவந்த ஸ்காட்லாந்துப் பட்டாலியன் செப்டம்பர் 23ஐ அசாயே நாளாக நினைவுகூர்கிறது.

அதே யானை இந்தியாவிலும் இருக்கிறது. நீலகிரி மாவட்டம் வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டின் சின்னத்தில் உள்ளது அசாயே யானையே. விடுதலைக்குப் பின் இந்தியப் படை, இந்திய அரசுகளுக்கு எதிரான போர்களில் பெற்ற பட்டங்களைக் கொண்டாடத் தகாதவை என ஒதுக்கியது. அசாயே வெற்றியும் அவற்றுள் ஒன்று. வெற்றி விழா நின்றது, யானை மட்டும் நிலைத்தது. 1803இல் ஒரே வெளியில் பெயரின்றி இறந்த ஸ்காட்லாந்து வீரர்களுக்கும் சென்னைச் சிப்பாய்களுக்கும் பொதுவாக இன்று எஞ்சியிருக்கும் அடையாளம் அது.